செப்டம்பர் 1, புறா வேட்டை: போகலாமா?

கேள்வி, 2025 ஆகஸ்ட் 17

டாலஸ் வந்து எட்டு மாதம். எச்1பி வேலை விசா. டீமில் இரண்டு பேர் செப்டம்பர் 1 அன்று பிரவுன்வுட் பக்கம் புறா சுடப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஊரில் கவட்டை வைத்து ஓணான் அடித்ததோடு சரி. சட்டச் சிக்கல் ஏதும் வருமா? என்ன எடுத்துப் போகணும்? போய் வந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 17, இரவு

போங்கள். நான் போவது இது ஏழாவது வருடம்.

முதலில் உரிமம். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்சாஸில் இருப்பதால் உங்களுக்கு உள்ளூர்க்காரர் விலைதான். வேட்டை உரிமம் 25 டாலர், வலசைப் பறவைகளுக்கு என்று தனியாக 7 டாலர். வாங்கும்போது போன வருடம் எத்தனை புறா, எத்தனை வாத்து சுட்டாய் என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னால் போதும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு அடையாளமாக உரிமத்தில் ‘ஹிப்’ என்று விழுந்திருக்கிறதா, பார்த்து வாங்குங்கள்.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்கணும். 17 வயது ஆகிவிட்டால் இணையத்திலேயே முடிக்கலாம். ஒரு சனிக்கிழமை போய்விடும்.

துப்பாக்கி வாங்காதீர்கள். கூட வருகிறவரிடம் இன்னொன்று இருக்கும். இந்த ஊரில் அது குடை மாதிரி, வீட்டுக்கு நாலு கிடக்கும். இரவல் துப்பாக்கி என்றால் விசா பற்றிக் கவலையே வேண்டாம்.

ஆகஸ்ட் 18, காலை

நேற்று எழுதியதில் கடைசி வரி தப்பு. தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். ஒருவர் தனியாக எழுதித் திட்டினார், சரியாகத்தான் திட்டினார்.

கூட்டாட்சிச் சட்டப்படி, எச்1பி மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. இரவலாக வாங்கிக் கையில் பிடித்தாலும் வைத்திருந்ததாகத்தான் கணக்கு. இதற்கு உள்ள விலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் முறைப்படி வாங்கிய வேட்டை உரிமம். அதாவது அந்த 25 டாலர் காகிதம்தான் உங்களுக்கும் ஜெயிலுக்கும் நடுவில் நிற்கிறது. உரிமம் எடுத்துவிட்டுத் துப்பாக்கியைத் தொடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் விசா வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. இங்கே உரிமம் ஆகஸ்ட் 31 அன்று காலாவதி ஆகும். புறா சீசன் செப்டம்பர் 1 அன்று தொடங்கும். நண்பர் ஒருவர் முந்தின வருட உரிமத்தைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் காரோட்டி வந்தார். அன்று முழுக்க எங்களுக்கு இட்லி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 20

‘எத்தனை தோட்டா வாங்கணும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். என் முதல் வருடக் கதையைச் சொல்கிறேன், அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கூட்டிப் போனார். வயது எழுபதுக்கு மேல், நான் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. அவர் தங்கச்சி வீட்டு நிலம், சூரியகாந்தி போட்ட காடு. நான் கமுதிப் பக்கத்துக்காரன், கவட்டையில் கை பழகியவன், ஊரில் என் குறி தப்பாது என்று மிதப்பில் போனேன். மூன்று பெட்டி தோட்டா. பெட்டிக்கு 25. ஆறு புறா விழுந்தது. தாத்தா ஒரு பெட்டி முடிவதற்குள் பதினைந்தை முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15தான், அதற்கு மேல் தொடக்கூடாது.

நான்கு பெட்டி வாங்குங்கள். மிச்சம் இருந்தால் கெட்டுப்போகாது.

ஆகஸ்ட் 20, சற்று நேரம் கழித்து

ஆறு இல்லை, ஐந்து. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மச்சான் இப்போதுதான் ஞாபகப்படுத்தினான். ஒன்று அவன் சுட்டதாம்.

ஆகஸ்ட் 23

ஏன் தப்பியது என்று அப்புறம் நிறைய யோசித்தேன். கவட்டைப் பழக்கம்தான் கெடுத்தது.

எங்கள் ஊரில் கொய்யாக் கவட்டை, சைக்கிள் ட்யூப், பழைய செருப்பு வாரில் கல் வைக்கும் தோல். கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருக்கும் புறாவைத்தான் அடிப்போம். பறவை அசையாது, நாமும் அசைய மாட்டோம், மூச்சை அடக்கி விடுவோம். இங்கே புறா அம்பு மாதிரி வருகிறது, நடுவில் காரணமே இல்லாமல் சடாரென்று திரும்புகிறது. நான் அதைக் குறி பார்த்து, துப்பாக்கியை நிறுத்தி, அப்புறம் விசையை அழுத்தினேன். ரவை, அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் சின்னக் குண்டுகள், போய்ச் சேரும்போது புறா அங்கே இல்லை.

தாத்தா சொன்னது: பின்னால் இருந்து அதன் போக்கிலேயே துப்பாக்கியை இழு, மூக்கைத் தாண்டு, தாண்டும்போது அழுத்து, அழுத்திய பிறகும் கை நிற்கக்கூடாது. கிணற்றில் வாளி இழுக்கும்போது பாதியில் கையை விடுவோமா, அந்த மாதிரி என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். குழல் நுனியில் இருக்கும் மணியைப் பார்க்காதீர்கள். கண் புறாவின் மேலேயே இருக்கட்டும்.

ஆனால் கவட்டை ஒன்றை நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறது. விழுந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. ஊரில் அடித்த புறா புதருக்குள் போய்விட்டால் அன்றைக்குக் கறி இல்லை, அவ்வளவுதான். இங்கே முதல் வருடம் என்னைவிட நன்றாகச் சுட்டவர்கள் எல்லாம் இரண்டாவதைச் சுட்ட சந்தோஷத்தில் முதலாவதைத் தொலைத்தார்கள். காய்ந்த புல் நிறமும் புறா நிறமும் ஒன்று. இரண்டு அடி தூரத்தில் கிடந்தாலும் தெரியாது. விழுந்ததும் பின்னால் இருக்கும் ஒரு கம்பத்தையோ செடியையோ அடையாளம் வைத்து, கண்ணை எடுக்காமல் நேராக நடங்கள். எடுத்த பிறகுதான் அடுத்தது. சுட்டதைத் தேடி எடுப்பது சட்டமும்தான். மற்ற எல்லாக் குறிப்பையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஆகஸ்ட் 24

துப்பாக்கிக் குழல் அளவு 12 போரா 20 போரா என்று கேட்டவருக்கு: 20 போதும், தோள் தாங்கும். தோட்டாவில் ரவை எண் ஏழரை அல்லது எட்டு. குழல் வாயைக் குறுக்கும் சோக் இறுக்கமாக வேண்டாம், இம்ப்ரூவ்டு சிலிண்டர் போடச் சொல்லுங்கள், ரவை கொஞ்சம் விரியும். மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறக்கூடாது. பம்ப் அல்லது செமி-ஆட்டோ என்றால் தோட்டா நிரப்பும் குழாய்க்குள் ப்ளக் என்று ஒரு குச்சி போட்டிருக்கணும். இரவல் கொடுப்பவரிடம் கேட்டுவிடுங்கள், கேம் வார்டன் (வேட்டை விதிகளைச் சோதிக்கும் அதிகாரி) வந்தால் அதைத்தான் முதலில் சோதிப்பார்.

ஆகஸ்ட் 26

‘ரெண்டு மூட்டை கம்பு வாங்கித் தூவிவிட்டு உட்கார்ந்தால் வேலை சுலபம் ஆயிற்றே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆயிற்றுதான், அப்புறம் அபராதமும் சுலபம். தீனி தூவிய இடத்தில் புறா சுடுவது கூட்டாட்சிக் குற்றம். தூவியதைக் கூட்டி அள்ளிவிட்டாலும் பத்து நாள் வரைக்கும் அது தீனி போட்ட இடம்தான். விளைந்த பயிரை நின்ற இடத்திலேயே வெட்டிச் சாய்த்தால், அதில் சிந்திய விதைக்குப் புறா வந்தால், தப்பில்லை. அதனால்தான் ஆகஸ்ட் கடைசியில் சூரியகாந்திக் காட்டை வரிவரியாக அறுத்துப் போடுகிறார்கள். வேறு இடத்து விதையைக் கொண்டுவந்து கொட்டினால் குற்றம். நிலத்துக்காரர் கொட்டியது எனக்குத் தெரியாது என்று சொல்லி எப்போதும் தப்பிக்க முடியாது. போன உடனே ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

ஆகஸ்ட் 28

எடுத்துப் போக வேண்டியவை. தண்ணீர், நினைப்பதைப் போல இரண்டு பங்கு. உட்கார ஒரு வாளி. கண்ணுக்குக் கண்ணாடி, கட்டாயம். காதுக்கு அடைப்பான். ஐஸ் பெட்டி. செப்டம்பர் 1 அன்று மதியம் 38 டிகிரி போகும். இரண்டாவது வருடம் நான் பறவைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி டிக்கியில் போட்டுவிட்டு, பிரியாணிக்கு எத்தனை பேரைக் கூப்பிடலாம் என்று போனில் பேசிக்கொண்டே வந்தேன். வீட்டில் பையைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினோம். எட்டுப் பறவை வீண். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தடித்த பூட்ஸ் போடுங்கள், பாம்புக்காக மட்டுமில்லை, முள்ளுக்காகவும்தான். முதல் வருடம் நிழல் தேடி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். இலையைப் பார்த்தேன், காயைப் பார்த்தேன், முள் குத்தியது, குத்திய விதத்தைப் பார்த்தேன். அட, நம்ம சீமைக்கருவை. மெஸ்கீட் என்கிறார்கள். அதே இனம் இல்லை, பங்காளி. எங்கள் அப்பா காலமெல்லாம் வெட்டிக் கரிமூட்டம் போட்ட மரம். இங்கே கடையில் மெஸ்கீட் கரி என்று வண்ணப் பையில் போட்டு விற்கிறார்கள். அப்பாவுக்குப் போனில் விலையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை, லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

இங்கே மாடு தண்ணீர் குடிக்கும் குட்டைக்கு ‘டேங்க்’ என்று பெயர். வெள்ளைக்காரன் நம் கண்மாய்க்கு வைத்த அதே பெயர். சாயங்காலம் புறா தண்ணிக்கு வரும், டேங்க் பக்கம் ஒதுங்கி உட்காருங்கள். கரையில் புல் இல்லாமல் மண் தெரியும் பக்கமாகப் பாருங்கள், அங்கேதான் இறங்கும்.

ஆகஸ்ட் 31

நாளைக்குக் காலை மூன்றரைக்குக் கிளம்புகிறோம். மகனும் வருகிறான், வயது பன்னிரண்டு. இந்த வருடம் சுட மாட்டான், பார்ப்பான், விழுந்ததை எடுப்பான்.

கேள்வி கேட்ட தம்பி, உங்களுக்குக் கடைசியாக ஒன்று: தாழப் பறப்பதைச் சுடாதீர்கள். பறவைக்குக் கீழே வானம் தெரியணும். தெரியவில்லை என்றால் அந்தப் பக்கம் யாரோ வாளியில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

செப்டம்பர் 1, இரவு

கை கால் எல்லாம் வலி. ஆனாலும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து சுடலாம். அந்த வெளிச்சத்தில் எனக்குப் பறவை பிடிபடாது, அதனால் விடிகிற வரைக்கும் சும்மா இருந்தேன். ஏழேகாலுக்குச் சீழ்க்கை மாதிரி இறக்கைச் சத்தம் முதலில் வந்தது, பறவை பின்னால் வந்தது. மோர்னிங் டவ். இரண்டு வருடம் நான் அதைக் காலைப்புறா என்றே நினைத்திருந்தேன், காலையில்தானே வருகிறது. அப்புறம்தான் தெரிந்தது அது துக்கத்துக்கான மோர்னிங் என்று. கூவுவது அழுகிற மாதிரி இருக்குமாம். மச்சான் அன்றிலிருந்து ஒப்பாரிப் புறா என்கிறான். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் பெயர்.

பதினொன்று விழுந்தது. நாற்பத்தொரு தோட்டா. முன்னேற்றம்தான்.

எட்டு மணி வாக்கில் வேலிக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கள் பக்கமாகச் சுட்டு, ரவை என் தொப்பியில் மழைத்தூறல் மாதிரி விழுந்தது. மேலே போய்த் திரும்ப விழுந்தது என்பதால் வலி இல்லை. தாத்தா எழுந்து நின்று கத்திய கத்தில் ஒரு நிமிடம் யாரும் சுடவில்லை.

ஏழாவது புறா. அது இறக்கையில் மட்டும் பட்டு, சாய்ந்து சாய்ந்து கருவைக் கூட்டத்துக்குள் விழுந்தது. இருபது நிமிடம் தேடினோம். மகன்தான் கண்டுபிடித்தான். வேரடியில் உட்கார்ந்திருந்தது, உயிரோடு. கண்ணைச் சுற்றி வெளிர் நீல வளையம், கால் நல்ல சிவப்பு. அவன் என்னைப் பார்த்தான். நான் வாங்கி, அவனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுக் கழுத்தைத் திருகினேன். அவன் திரும்பவில்லை. ‘இப்படித்தானா எல்லாத்தையும்?’ என்றான். ‘அடி சரியாக விழாத எல்லாத்தையும்’ என்றேன். அதன் பிறகு தூரத்தில் வந்ததை எல்லாம் விட்டுவிட்டேன். அதனால்தான் பதினொன்றோடு நின்றது, இல்லாவிட்டால் பதினைந்து ஆகியிருக்கும் என்று மச்சானிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

செப்டம்பர் 2

நேற்றுச் சொல்ல விட்டுப்போனது. மச்சான் சுட்டதில் நான்கு கள்ளிப்புறா. நம்ம ஊர்க் கள்ளிப்புறாவேதான், கழுத்துக்குப் பின்னால் கறுப்பு அரைவட்டக் கோடு, வால் நுனி சதுரம். இந்தியா எல்லாம் அதன் பூர்வீகம். 1970களில் பஹாமாஸில் கூண்டிலிருந்து தப்பி, 80களில் ஃப்ளோரிடா வந்து, அங்கிருந்து இங்கே பரவிவிட்டது. வெளியூர்ப் பறவை என்பதால் டெக்சாஸில் இதற்குச் சீசனும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை, 15 கணக்கில் சேராது. ஆனால் வீடு போய்ச் சேரும் வரை இறகோடு வைத்திருங்கள், இல்லாவிட்டால் வார்டனிடம் இது அது இல்லை என்று எப்படிக் காட்டுவீர்கள்?

ஊரில் 1972 வனவிலங்குச் சட்டப்படி இதே புறாவைத் தொட்டால் கேஸ். சின்ன வயதில் எங்களுக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் கேட்டிருப்போமா என்பது வேறு விஷயம். இப்போது ஊருக்குப் போனால் என் அண்ணன் மகன்களைக் கவட்டையைத் தொட விடுவதில்லை நான். அவர்கள் என் வேட்டைப் படத்தை போனில் காட்டி, ‘சித்தப்பா, இது மட்டும்?’ என்று கேட்கிறார்கள்.

எனக்கு ஒரு கோளாறு, கள்ளிப்புறாவை நான் சுடுவதில்லை. கொள்கை எல்லாம் இல்லை. அது கூவினால் கமுதி பஸ் ஸ்டாண்டு வேப்பமரம் ஞாபகம் வந்துவிடுகிறது, துப்பாக்கி ஏற மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 5

சமையல் கேட்டவர்களுக்கு. இங்கே எல்லோரும் நெஞ்சுக்கறியை மட்டும் எடுத்து, ஹலபீனோ மிளகாய், கிரீம் சீஸ் வைத்து, பன்றிக்கறிப் பட்டையில் சுற்றிச் சுடுகிறார்கள். ருசிதான், ஆனால் புறாவைத் தவிர மற்ற எல்லாம் ருசிக்கும். நான் முழுசாக இறகு பிடுங்கி எடுக்கிறேன். தீனிப்பையைக் கிழித்தால் சூரியகாந்தி விதை கழுவி எடுத்ததுபோல முழுசாக வந்தது, ஒன்றில் பதினெட்டு இருந்தது.

நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், ஊரிலிருந்து வந்த முண்டு மிளகாய், மிளகு, உப்பு. வேகமான தீயில் எட்டே நிமிடம். அதற்கு மேல் விட்டால் ஈரல் வாடையும் ரப்பர் பதமும் வந்துவிடும். கோழி மாதிரி கொதிக்க விடாதீர்கள்.

முதலில் ரவை எடுக்கணும், பல் போய்விடும். அம்மா இங்கே வந்திருக்கிறார். அவர் சாப்பிட மாட்டார், சிபி பிறந்த மண்ணில் பிறந்துவிட்டுப் புறாவைத் தின்கிறாயே என்பார். சிபி சோழன் என்றால் நாம் பாண்டி நாடு, அந்த வழக்கு நம் மேல் வராது என்பது என் வாதம். ஆனால் அவர்தான் மஞ்சள் தண்ணீரில் ஒவ்வொன்றாக அலசி, விரலால் தடவித் தடவி ரவையை எடுத்து எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டார். டிங், டிங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பதினொரு புறாவுக்கு இருபத்தேழு.

செப்டம்பர் 6

இருபத்தொன்பது. மச்சான் இரண்டைக் கடித்துக் கண்டுபிடித்தான்.

செப்டம்பர் 9

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: இரண்டு பெட்டி, மூன்று புறா, ஒன்றும் தொலையவில்லை. தோட்டாக் கணக்கில் என் முதல் வருடத்தைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிட்டீர்கள். தோள் கன்றிப்போனதற்குத் துப்பாக்கிக் கட்டையைத் தோள் குழியில் அழுத்திப் பிடிக்காததுதான் காரணம், அடுத்த முறை சரியாகிவிடும். டெக்சாஸின் தெற்கு வேட்டை மண்டலம் இந்த மாத நடுவில் திறக்கும், அங்கே வெள்ளை இறக்கைப் புறா அதிகம். போகிறவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 13

ஒரு வாரமாக அம்மா காலையில் பின்வேலி ஓரமாக நொய்யரிசி போடுகிறார். இன்று பார்த்தேன், கள்ளிப்புறா ஏழு, ஒப்பாரிப் புறா நான்கு. தாத்தா வேலிக்கு மேலே தலையை நீட்டி அரிசியைப் பார்த்தார், புறாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘தீனி போட்ட இடம்’ என்றார். ‘உங்கள் அம்மாவிடம் சொல், நிறுத்திய நாளிலிருந்து பத்து நாள்.’

சொன்னேன். அம்மா உள்ளே போய் இன்னொரு கை அரிசி எடுத்துவந்தார்.